தாயிலும் குட்டியிலும்

உச்சிக்கொத்து நோய் வந்தால் வாழை இலைகள் விரிய மாட்டாமல் தலையில் கொத்தாக நிற்கும். அதை உண்டாக்கும் வைரசையும் அதன் சொந்தக்கார வைரசுகளையும் இனங்கண்டு, எந்தக் கூட்டம் என்று பிரிப்பதுதான் என் உத்தியோகம். சிரிக்க வேண்டாம், இதற்கும் சம்பளம் தருகிறார்கள்.

பெரியமடுவில் ஒரு அம்மாவின் வீட்டு வளவில் கதலி வாழை அப்படி நின்றது. சண்டை முடிந்து அவர் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. காணாமற்போன மகன் முன்பு நட்ட வாழை மட்டும் அடியில் குட்டி போட்டுக்கொண்டு நின்றதாம். முதற்குலையை மாதா கோயிலுக்குக் கொடுத்தவர், அன்றிலிருந்து குட்டிகளைப் பிரித்து நட்டு அந்த வாழையைச் சாகவிடாமல் வைத்திருந்தார்.

சத்துக் குறைந்தாலும் இலை சிறுக்கும். பசளை போட்டால் தேறிவிடும். அதுவாகவே இருக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டுதான் ஓர் இலைத்துண்டை வெட்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தேன். ஆனால் காம்பில் ஓடிய கரும்பச்சைக் கீறல்களைக் கண்டபோதே அந்த நோய்தான் என்று பட்டது. சோதனையும் அதையே சொன்னது.

முடிவைச் சொல்லப் போனேன். அயல் தோட்டங்களுக்கும் பரவும், எல்லாவற்றையும் கிண்டி எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் வேலியோரம் தனியாக நின்ற, பார்வைக்கு நல்ல ஒரு குட்டியையே திரும்பத் திரும்பக் காட்டினார். எனக்கோ பொறுமை குறைவு. எல்லாருக்கும் சொல்வதையே சொன்னேன்.

"தாயிலை இருந்தா குட்டியிலையும் இருக்கும் அம்மா. ரெண்டையும் அழிக்கவேணும்."

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் உள்ளே போய் கிண்டுவதற்கு அலவாங்கை எடுத்துவந்து தந்தார். கிழங்கோடு கிண்டி, துண்டு துண்டாக வெட்டி, குழியில் போட்டு மூடினோம். மூடி முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார்.

புறப்படும்போது கேட்டார்.

"நீங்கள் கொண்டுபோன இலைத்துண்டு இருக்குதோ, பிள்ளை?"

ஓம், ஒப்பிட்டுப் பார்க்கக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறோம் என்றேன்.

"எறிஞ்சு போடாதேங்கோ. அவன் நட்டதிலை அதுதான் மிச்சம்."

நாங்கள் வைத்திருப்பது வைரசுக்காக. இலை செத்துப்போய்விட்டது, அதற்குள் பத்திரமாக இருப்பது நோய்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மின்சாரம் போகும்போதெல்லாம் ஓடிப்போய் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பயமாக இருக்கிறது.