இருமலுக்கு நாயைக் காரணம் சொன்னேன்

அரசு மருத்துவமனை வராந்தாவில் சளிப் பரிசோதனைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தபோதே, இதை வெளியில் யாருக்கும் தெரியவிடக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். மூன்று வாரமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். காசநோய் (டிபி, நுரையீரலைத் தாக்கும் தொற்று) என்றது அந்தத் தாள்.

மருத்துவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது. வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுங்க. ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துலயே மத்தவங்களுக்குப் பரவறது நல்லா குறைஞ்சிடும். மறைக்காதீங்க."

"வீட்ல நாய் ஒண்ணு இருக்குங்க."

"நாயால வந்ததில்ல இது. நீங்கதான் அது மூஞ்சிகிட்ட இருமாம இருக்கணும்."

ஆக, பிறகு நான் நாயைக் காரணம் சொன்னது தெரியாமல் சொன்ன பொய் இல்லை.

திருத்தணியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ரவிக்கை தைக்கிறேன். கணவர் விடிகாலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் வருவார். பகலெல்லாம் எனக்குத் துணை புஜ்ஜி மட்டும்தான். செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய், பெட்டை.

கணவருக்கு நோய் இல்லை என்று வந்தது. அந்த வாரமே, ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண் கேட்டாள்: "என்னக்கா, இருமிகினே இருக்கீங்க? மாஸ்க் வேற போட்டுகினு?"

"நாய் முடி ஒத்துக்கலம்மா. அலர்ஜி."

புஜ்ஜி என் காலடியில் படுத்திருந்தது. என் குரல் கேட்டு வாலை ஆட்டியது.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டியதில்லை. குமட்டல்தான் என்னைப் படுத்தியது. நாய்க்குக் கோழிக்கழிவு போட்டுச் சோறு வேகவைக்கும் வாசனை வந்தாலே வாந்தி. புஜ்ஜியைக் கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டேன். பசித்துக் குரைத்தால் படுத்தபடியே அதட்டினேன்.

ஒரு மத்தியானம் அசந்து தூங்கிவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. சங்கிலி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, கழுத்து சிராய்த்துச் சிவந்திருந்தது. அன்று அது குரைக்கவே இல்லை. குரைத்தால் என்ன கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்துபோயிருந்தது.

என் பொய் தெருவெல்லாம் பரவியது. வீட்டுக்கார அம்மா வந்து நின்றார். "உன் ஒடம்ப விட நாய் பெருசாம்மா? எங்கியாவது அனுப்பிடு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர், "உண்மையச் சொல்லிடலாமே" என்றார்.

"சொன்னா யாரு துணி குடுப்பாங்க?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டும் என் தம்பி பைக்கில் வந்து புஜ்ஜியைக் கொண்டுபோனான். மூன்றாம் நாள் போன் செய்தான். "அக்கா, கயித்தக் கடிச்சுட்டு ஓடிடுச்சு. நானும் தேடிகினுதான் இருக்கேன். பாவாகிட்ட நீயே சொல்லிடு." என் கணவரைத்தான் பாவா என்பான்.

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி அந்தச் சோறு வேகவைக்க வேண்டாம் என்ற நிம்மதி. இதே நோயோடு வீட்டில் படுத்திருக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரலாம். நோய் அப்படிச் செய்யும். ஆனால் என் விஷயத்தில் எல்லாவற்றையும் நோயின் மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

ஐந்தாம் மாதம். இருமல் நின்று, உடம்பில் சதை பிடித்திருந்தது. தம்பி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பள்ளிப்பட்டில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு இட்லிக் கடைத் தள்ளுவண்டி. அதன் அடியிலிருந்து புஜ்ஜி எழுந்து வந்தது. என் கையை மோந்தது. பிறகு உடம்பு முழுக்க நடுங்க, முனகிக்கொண்டே என் புடவையில் தலையை முட்டியது.

"உங்க நாயாம்மா?" என்றார் இட்லிக்கார அம்மா. பக்கத்தில் எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நாய் போனதால்தான் என் இருமல் நின்றது என்று தெருவே நம்பியிருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புஜ்ஜி ஓடி வந்துகொண்டிருந்தது. வளைவில் மறைந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

திரும்பி நடந்தேன். முன்பு வேகமாக நடந்து கடக்கக்கூடிய தூரம்தான். இப்போது நாலு இடத்தில் நின்றேன். கரும்புத் தோட்டத்து ஓரமாக எதிரே வந்தது புஜ்ஜி. இன்னும் பஸ்ஸைத் தொடர்ந்துதான் வந்துகொண்டிருந்தது. நான் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் மூச்சு வாங்கியது, அதற்கும் வாங்கியது. இரண்டு மூச்சும் அடங்கும்வரை அங்கேயே இருந்தோம்.

வண்டிக்குத் திரும்பிப் போய், "என் நாய்தாங்க. பொய் சொல்லிட்டேன்" என்றேன். எனக்கு டிபி வந்ததையும் சொன்னேன். ஒரு வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இப்ப சரியாயிடுச்சா?"

"ஆங். இன்னும் ஒரு மாசம் மாத்திரை இருக்கு."

அவர் குனிந்து புஜ்ஜியின் தலையைத் தடவினார். "இத்தினி நாள் என்கூட இருந்துச்சு. இனிமே கட்டிப்போடாதம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன்; வந்து ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். மறுநாள் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். சிலர் பாதி தைத்த துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி, "அப்பவே சொல்லியிருந்தா நாங்களும் ஜாக்கிரதையா இருந்திருப்போம்ல?" என்று கேட்டாள். அவள் துணியை மடித்துக் கொடுத்தேன்.

மாத்திரை முடிந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். துணி காயப்போட மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு விடுகிறேன்; உடம்புக்கு அவசரம் பிடிக்காமல் போய்விட்டது. புஜ்ஜி வீட்டுக்குள்தான் இருக்கிறது, கட்டுவதில்லை. ஆனால் நான் பால் வாங்கச் செருப்பை மாட்டினாலும் எழுந்து நின்றுவிடுகிறது. "வந்துடுவேன்டி" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். திரும்பி வரும்போதும் அதே இடத்தில், படுக்காமல் நின்றுகொண்டிருக்கிறது.