இரண்டாம் எண் விளக்கு

என் தொழிலில் பேய் கிடையாது. லூஸ் கனெக்‌ஷன் மட்டும்தான் உண்டு. பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன். "தானாவே அணையுது சார், ஏதோ காத்து கருப்பு" என்று பதறியவர்கள் வீட்டிலெல்லாம் பிளக்கைச் சரியாகச் செருகிவிட்டு வந்தவன் நான். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மணி மூன்று பத்து. வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் மனைவியுடையது. அவள் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பாள். அறை சின்னது. அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே திரை, ஒரே கீபோர்டு, ஒரே மௌஸ். நடுவில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சுவிட்ச். ஒன்றை அழுத்தினால் என் கம்ப்யூட்டர் வரும், இரண்டை அழுத்தினால் அவளுடையது. கீபோர்டில் ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை தட்டினாலும் மாறும்.

அவள் அந்த சுவிட்சைத் தொடவே மாட்டாள், ஸ்க்ரோல் லாக்தான். நான் கடைக்கு வேண்டிய சாமான் பட்டியலை அடித்துக்கொண்டிருக்கும்போது தோளுக்கு மேல் ஒரு கை நீளும்.

டக்... டக்...

"என் முறை. எந்திரிங்க."

எனக்குச் சின்ன ர, பெரிய ற இரண்டும் ஒன்றுதான்; எல்லாவற்றுக்கும் சின்ன ர போடுவேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட மாட்டிக்கிட்டு இந்த ற படற பாடு இருக்கே" என்று சிரிப்பாள்.

கடைசி ஒரு மாதமாக அந்த சுவிட்ச் மக்கர் செய்தது. இரண்டாம் பக்கத்துக்குப் போனால் திரை வரும். ஆனால் கீபோர்டும் மௌஸும் செத்துவிடும். என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

"ரிப்பேர்காரரே, மௌஸ் மறுபடி நின்னுடுச்சு."

"நாளைக்குப் பாக்கறேன்."

"ஊருக்குத்தான் ரிப்பேர். வீட்டுக்கு இல்ல."

அந்த நாளை வரவில்லை. ஒரு புதன்கிழமை, பகல் 1:40க்கு அவளிடமிருந்து போன் வந்தது. நான் ஒரு கடையில் பிரின்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அப்புறம் பேசலாம் என்று கட் செய்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் அவள் இல்லை. இதயம் என்றார்கள். வயது முப்பத்தெட்டு.

அதன் பிறகு எனக்கு ஒரே கேள்விதான். எதற்குக் கூப்பிட்டாள்? வலிக்கிறது என்று சொல்லவா? நான் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா? சாப்பிடும்போதும் அதுதான். பல் தேய்க்கும்போதும் அதுதான். அந்த மேஜைப் பக்கமே நான் போகவில்லை. இரண்டு கம்ப்யூட்டரும் அணைக்காமல், தூக்க நிலையிலேயே கிடந்தன.

நாற்பத்தேழாம் நாள் அச்சகக்காரர் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. மீதி பதினெட்டுப் பக்கம் அவங்க மிஷின்லதான் இருக்கு. எடுத்துத் தர முடியுமா?"

அதற்காகத்தான் அன்று உட்கார்ந்து, பவர் பட்டனைத் தட்டி இரண்டையும் எழுப்பினேன். மணி 3:10.

இரண்டை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவள் திரை வந்தது. பாதி திருத்திய பக்கம் அப்படியே நின்றது. மௌஸை நகர்த்தினேன். அம்பு அசையவில்லை. கீபோர்டும் செத்துக் கிடந்தது. ஒரு மாதம் அவள் சொன்ன அதே குறை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

சரி, இன்றைக்காவது பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன். சுவிட்சின் இணைப்புகளைக் கழற்றிப் பத்து எண்ணி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். 3:24க்கு மௌஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. அம்பு அசைந்தது. அப்பாடா என்றிருந்தது.

டக்... டக்...

விளக்கு ஒன்றுக்குப் போய்விட்டது. என் திரை.

நான் எதையும் தொடவில்லை. ஸ்க்ரோல் லாக் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பிஸ்கட் தூள் விழுந்தது. கூடவே நீளமாக ஒரு முடி. பாதி நரைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுபடி இரண்டை அழுத்தினேன். அவள் திரை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

3:31.

டக்... டக்...

ஒன்று.

இந்த முறை பார்த்துவிட்டேன். அந்த ஒரு கீ மட்டும் அழுந்தி எழுந்தது. இரண்டு முறை.

உள்ளே ஸ்பிரிங் கெட்டிருக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கீபோர்டின் வயரைப் பிடுங்கினேன். மௌஸையும் பிடுங்கினேன். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன். வயர் தரையில் தொங்கியது. சுவிட்சில் இரண்டை அழுத்தினேன்.

வெளியே கார் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

3:36.

மடியில்...

டக்...

டக்...

தொடையில் அந்த அழுத்தத்தை உணர்ந்தேன். தோளுக்கு மேலிருந்து நீண்டு வந்து அழுத்துவது போல.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

விளக்கு ஒன்று.

என் திரையில் அந்தப் புதன்கிழமை காலையில் நான் அடித்துவிட்டுப் போன சாமான் பட்டியல் இருந்தது. 'சிறிய ஸ்க்ரூ, ஒரு பை. முறிந்த கேபிளுக்கு மாற்று, நான்கு.'

சிறிய. முறிந்த.

பெரிய ற.

நான் அப்படி எழுதியதே இல்லை.

அம்பு நகர்ந்தது. மௌஸ் வயர் என் காலடியில் கிடந்தது. பட்டியல் மெதுவாக மேலே ஏறியது. கீழே... இன்னும் கீழே... கடைசி வரிக்கும் கீழே.

அங்கே ஒரு நேரம் இருந்தது. அவள் எது எழுதினாலும் முதலில் நேரத்தையும் தேதியையும் போடுவாள். அதற்கென்று கீபோர்டில் ஒரு கீ இருப்பதை எனக்கே காட்டிக்கொடுத்தவள் அவள்தான். தேதி, அந்தப் புதன்கிழமை. நேரம், மாலை 4:05.

அதன் கீழே:

'ரிப்பேர்காரரே, என் பக்கத்துல எழுத வரலை. அதான் உங்க பக்கம் வந்தேன். மௌஸ் நின்னு போச்சு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் இல்லை. அப்ப வலியே இல்லை. பதினெட்டுப் பக்கம் பாக்கி, அச்சகத்துல சொல்லிடுங்க. அவசரம் ஒண்ணும் இல்லை. மெதுவா வாங்க.'

பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. மேஜையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதேன். வலி வந்து கூப்பிடவில்லை. மௌஸுக்காகத்தான். நாற்பத்தேழு நாளாக என்னைத் தின்ற கேள்விக்கு என் கம்ப்யூட்டரிலேயே பதில் இருந்திருக்கிறது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு டீச்சர் ஓடி வந்தார். அன்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். நான் திரையைக் காட்டினேன். "பாருங்க டீச்சர், போறதுக்கு முன்னாடி எனக்கு எழுதி வச்சிருக்கா."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பப் படித்தார். அவர் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"நாலு அஞ்சுன்னு போட்டிருக்கே."

"ஆமா."

"தம்பி... நாற்காலி விழுந்த சத்தம் கேட்டு நான் வந்தப்ப மணி ரெண்டு ஆகல. ரெண்டு பத்துக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு வீட்டப் பூட்டினேன். ராத்திரி உங்க கையில குடுக்கிற வரைக்கும் சாவி என் பையிலதான் இருந்துச்சு."

நான் அப்போதும் லூஸ் கனெக்‌ஷனைத்தான் தேடினேன். கம்ப்யூட்டரின் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தப்பவில்லை. பிறகு பீரோவைத் திறந்து, அதுவரை பிரித்துப் பார்க்கத் தைரியம் வராத ஆஸ்பத்திரி உறையைப் பிரித்தேன். உயிர் பிரிந்த நேரம் பகல் 2:50 என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அதற்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. உடலை வாங்கிக்கொள்ள நான் எழுதிக் கொடுத்ததன் நகல். எழுதியதே எனக்கு நினைவில்லை. 'பெர்ருக்கொண்டேன்' என்று சின்ன ர போட்டு எழுதியிருக்கிறேன். அதை யாரும் திருத்தவில்லை. பக்கத்தில் என் கையெழுத்து. அதன் கீழே, நேரத்துக்கான கட்டத்தில், என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

மாலை 4:05.