திலகா கண்ட கோளாறு

ஈஜோக் சந்தியில் தகரக் கூரை போட்ட அந்த மோட்டார் பட்டறை திலகாவுடையது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான் சோதிக்கும் வேலையில் இருந்தவள். பாதி வழியில் நின்றுபோகும் தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டியே வண்டி வேலை அவளுக்குப் பிடிபட்டது. பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தாள், தொழிற்சாலைக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கடையைத் திறந்தாள். பெண்பிள்ளை பட்டறையா என்று சிரித்தவர்களெல்லாம் இன்றைக்கு அவளிடம்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

அவள் அதிகம் பேசமாட்டாள். நீளத் திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். அந்த நேரத்தில் குறுக்கே பேசினால் தொலைந்தோம். நானோ ஊரறிந்த வாயாடி. எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

என் வீட்டுக்காரர் செல்லன் செம்பனைத் தோட்டங்களில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவர். கப்சாயில் ஏறிப் போனால்தான் வேலை. தீபாவளிக்கு முன்னால் அந்த வண்டிக்குப் பேய் பிடித்தது. முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பாலத்து மேட்டில் அப்படித் திணறி நின்றபோது பின்னால் குலை ஏற்றிய லோரி வந்துவிட்டது. டிரைவர் ஒடித்துத் திருப்பியதால் இவர் முழுசாக வீடு வந்தார். அன்றையிலிருந்து அவர் வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

"கிளட்ச் ஸ்லிப் ஆவுதுக்கா," என்றாள் திலகா. முதலில் இன்ஜின் பக்கத்து மூடியில் இருக்கும் கிளட்ச் திருகைத் தளர்த்திச் சரிசெய்து கொடுத்தாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்த முறை மூடியையே கழற்றினாள். கிளட்ச் தட்டுகள் கருகி, தீய்ந்த நாற்றம் அடித்தது. புதுத் தட்டு, புது ஸ்பிரிங், புது எண்ணெய் எல்லாம் போட்டாள். தீபாவளி முடிவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் அதே வழுக்கல்.

எனக்கு வந்ததே கோபம்! நானே வண்டியில் ஏறிப் பட்டறைக்கு விட்டேன்.

"என்ன வேலை செஞ்ச திலகா? லோரிக்காரன் அவர அடிச்சுப் போட்டாதான் ஒனக்குத் தெரியுமா?"

அவள் நிதானமாகக் கேட்டாள். "இப்ப நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க. ஸ்லிப் ஆச்சா?"

அதே பாலத்து மேட்டைத்தான் ஏறி வந்திருந்தேன். வண்டி முனகக்கூட இல்லை.

"அண்ணன வரச் சொல்லுங்க. வேலைக்குப் போடற பூட்ஸோட வரட்டும்."

சாயங்காலம் அவர் வந்தார். சாலையில் ஓட்டிக் காட்டச் சொன்னாள். இன்ஜின் அலறியது, வண்டி நத்தையாக நகர்ந்தது. கூடவே ஓடிய திலகா, "கியர் மேல இருந்து கால எடுங்கண்ணே!" என்று கத்தினாள். அவர் இடது காலைத் தூக்கினார். வண்டி பாய்ந்துகொண்டு போனது.

கப்சாயில் கிளட்ச்சுக்கென்று தனிக் கைப்பிடி கிடையாது. கியரை மிதித்தாலே கிளட்ச் விலகும். காலைச் சும்மா அதன்மேல் சுமத்தி வைத்தாலும் பாதி விலகியே இருக்கும். தட்டுகள் உரசி உரசிக் கருகும். அந்தக் கனத்த ரப்பர் பூட்ஸ் இத்தனை நாளும் அதன்மேல்தான் கிடந்திருக்கிறது.

"ஏண்ணே மிதிச்சுக்கிட்டே ஓட்டறீங்க?"

"நான் எங்கம்மா மிதிச்சேன்? காலு பக்கத்துல சும்மாதானே இருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. நானாக இருந்திருந்தால் ஒழுங்காக ஓட்டுங்கள் என்று நாலு திட்டு திட்டி வீட்டுக்கு இழுத்துப் போயிருப்பேன். திலகா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே. பூட்ஸக் கழட்டுங்க."

காலுறை நசநசவென்று ஈரமாக இருந்தது. உள்ளங்காலில் ஒரு செம்பனை முள், பூட்ஸைத் துளைத்து ஏறி, முறிந்து, உள்ளேயே புதைந்திருந்தது. சுற்றிலும் கறுத்துச் சீழ் கோத்திருந்தது. அதன்மேல்தான் இந்த மனுஷன் நடந்து திரிந்திருக்கிறார்.

"வலிக்கலையா?" என்றேன்.

"எது?" என்று கேட்டார்.

திலகா பட்டறையை அப்படியே போட்டுவிட்டு எங்களைத் தன் வேனில் ஏற்றினாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வழியில் கேட்டேன். "வண்டியில எல்லாத்தையும் பார்த்துட்டேன்கா. மிச்சம் இருந்தது அண்ணன் காலுதான்," என்றாள். அவ்வளவு எளிதாகச் சொன்னாள்.

அவருக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருப்பதே ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. ஒரு விரல் போயிற்று, கால் பிழைத்தது. எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆடி மாசம் தீ மிதிச்சப்பவே எனக்குச் சுடல டாக்டர்."

அன்று மற்றவர்கள் ஓட, இவர் ஆற அமர நடந்து கரையேறினார். பூ மேல் நடந்த மாதிரி இருந்தது என்றார். அம்மன் அருள் என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் நான்தான் சொல்லித் திரிந்தேன்.

அவர் வீடு திரும்பிய பிறகு வண்டி என் கையில். அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறார். திலகாவைப் பார்க்கப் போனபோது மனசு தாங்காமல் அழுதுவிட்டேன்.

"அருள்னு நெனச்சேனே திலகா, கடசில அது வியாதி லா."

அவள் துணியில் கையைத் துடைத்தாள். "சுட்டது தெரியாம போச்சே, அது வியாதிதான்கா. ஆனா தெரியலன்னா தீ விட்டுடுமா? மத்தவங்க ஓடுனாங்க, அண்ணன் நின்னு நடந்தாரு. காலு வெந்து போயிருக்கணும். ஒரு கொப்புளம் இல்லன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க. அது எதனாலக்கா?"

எந்தக் கோளாறுக்கும் காரணம் கண்டுபிடிக்கிறவள், உண்மையிலேயே தெரியாமல்தான் என்னிடம் கேட்டாள். என்னையறியாமல் கை குவிந்தது. அம்மனைக் கும்பிட்டேனா, எதிரே கிரீஸ் கையோடு நின்றவளைக் கும்பிட்டேனா, எனக்கே தெரியவில்லை.