புஷ்பத்தின் கண்திறப்பு

றக்வான தேயிலைத் தோட்டத்து லய வரிசைவீட்டில் பிறந்த மதுஷா, கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே அசைபடம் வரைந்து கொடுப்பவள். வரைந்த உருவம் ஓர் அடி நடக்கவும் பல சித்திரங்கள் தேவைப்படும் பொறுமைத் தொழில் அது. ஓய்வு நேரங்களில், மண்சரிவில் மாண்ட தாய் புஷ்பத்தைத் தலைவியாக வைத்துத் தனக்கென ஒரு குறும்படம் வரைந்துவந்தாள். படம் நெடுகிலும் புஷ்பம் தலைகுனிந்தே கொழுந்து பறித்தாள். இறுதிக் காட்சியில் மட்டும் நிமிர்ந்து பார்க்கவேண்டும். கண் பிசகினால் அம்மா வேறொருத்தி ஆகிவிடுவாளே என்னும் அச்சத்தால், அந்த முகத்தைக் கண்ணின்றியே விட்டு ஒரு மழைக்காலத்தைக் கழித்திருந்தாள்.

அசைபடக் கலைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் றினாஸ், கெமராவோடு அவள் வீட்டுக்கு வந்தான்.

"படம் வரையிறவங்களப் படம் புடிக்க வந்தீங்களா தம்பி? அப்ப ஒங்களப் புடிக்க யாரு வருவாங்க?" என்று தேநீரை நீட்டினார் அவள் தந்தை இராமசாமி.

"அதுக்கு இன்னும் ஆள் கெடைக்கல்ல ஐயா" என்று சிரித்த றினாஸ், திரையில் கண்ணில்லாத முகத்தைக் கண்டு மதுஷாவிடம் திரும்பினான். "அந்தக் கண்ண இப்பவே வரைங்க தங்கச்சி. நான் முன்னால நின்டு எடுக்கிறேன்."

மதுஷா பேனாவைக் கீழே வைத்தாள். தோட்டத்து மாரியம்மன் சிலைக்கு விழி செதுக்கிக் கண் திறந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று வெண்துணி கட்டி மறைத்தார்கள். எதிரே மனிதர் எவரும் நிற்கவில்லை. திறந்த விழி முதலில் மங்கலத்தையே காணவேண்டுமென்று பசுவையும் கன்றையும் நிறுத்தியிருந்தார்கள்.

"கண்ணு தொறக்கிறப்ப கெமரா எதுத்தாப்புல நிக்கக் கூடாதுங்க."

"இது கார்ட்டூன்தானே, சாமி இல்லயே."

"சாமி இல்லங்க. அம்மா."

றினாஸ் கெமராவைத் தூக்கி, அவள் வரையும் கணினித்திரையின் முதுகுப் பக்கமாக வைத்தான். புஷ்பத்தின் பார்வை அங்கே விழாது.

"அப்பா, நீங்க வந்து முன்னால உக்காருங்க."

இராமசாமி பின்வாங்கினார். "நான் வேணாம் புள்ள. அந்தக் கண்ண மூடுன கை இது."

"அதுக்குத்தான்ப்பா கூப்புடுறேன். அம்மா கடைசியாப் பாத்தது மண்ணு. இப்ப ஒங்களப் பாக்கட்டும்."

அவர் முகம் கழுவி, திருநீறு பூசி வந்து அவளருகே அமர்ந்தார். மதுஷா இறைவியை நினைந்து இரு விழிகளையும் தீட்டினாள். தீட்டியதும், தான் நிமிர்ந்து பாராமல் திரையை மெல்லத் தந்தையின் பக்கம் திருப்பினாள். சரியோ பிழையோ, இனி அவர் முகந்தான் சொல்லவேண்டும்.

மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இராமசாமி அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"கொழுந்து நெறுத்தாச்சா புஷ்பம்?" என்றார், அன்றைய எடை முடித்து வேலைவிட்டு வந்தவளை வாசலில் கேட்பதுபோல.

மதுஷா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். புஷ்பத்தின் கண்களைத் தன் படத்துக்குத் தரும்படி றினாஸ் கேட்கவில்லை. அவனுடைய ஆவணப்படத்தில் அந்த முதியவரின் முகம் மட்டுமே இருக்கிறது.