முதல் கரண்டி

ஈஜிபுராவில் இருக்கும் இந்தக் குழந்தைகள் மையத்துக்குச் சென்னையிலிருந்து இரண்டு வாரம் தொண்டு செய்ய வந்திருக்கிறேன். இதுவரை ஆற்றிய தொண்டு, வெங்காயம் உரித்தது. இன்று மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. குழந்தைகள் காலித் தட்டுகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிசிபேளாபாத் மூடிய அண்டாவுக்குள் ஆறிக்கொண்டிருக்கிறது. செலவை ஏற்ற கம்பெனிக்காரர்கள் முதல் கரண்டியைத் தங்கள் கையால் போட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அவர்கள் பஸ் சில்க் போர்டு நெரிசலில் நிற்கிறது. அந்த நெரிசலுக்கும் இந்த வயிறுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க இங்கே ஒருவரும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவேன், அதோடு சரி. இன்று கரண்டியை எடுத்துவிட்டேன்.

சமையல் செய்யும் மஞ்சுளா அக்கா என் கையைப் பிடிக்கிறார். "வேணாம் சார். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. திட்டு வாங்கறது நான்தானே?"

"மெட்ராஸ்காரன் ஒருத்தன், சொன்னா கேக்கலன்னு சொல்லிடுங்க."

"அத வேற சொல்லணுமா? மூஞ்சப் பாத்தாலே தெரியுது. சீக்கிரம் போடுங்க."

சாப்பிட்டு முடிக்கும்போது வாசலில் பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் சண்டைக்கு வசனம் தயார் செய்கிறேன். அதற்குள் குழந்தைகள் யாரும் சொல்லாமலே தட்டுகளைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நாலு வயதுப் பெண் ஒருத்தி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வருகிற கேமராவுக்காகப் பசித்த முகம் வைக்கிறாள்.