புளியாரைக் கிழங்கு

சோம்பேறி என்றால் காலை நீட்டிப் படுத்திருப்பவள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் ஒருநாளும் அப்படிப் படுத்திருந்ததில்லை. செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று முன்னால் வந்து நின்றால், அதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்வேன். குடம் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே இன்னொரு குடம் பிடிக்க, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போவேன். லயம் என்கிற வரிசைவீட்டில் எங்களுக்கென்று இருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் கூட்டி முடித்த கையோடு திரும்பவும் கூட்டுவேன். உடம்பு ஓரிடத்தில் நிற்காது. அந்த ஒரு வேலை மட்டும் கிடந்தபடியே கிடக்கும்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தகரக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மூன்றாம் வகுப்புவரை போனேன். வீட்டில் போட்டுவரச் சொன்ன கணக்கை, வாத்தியார் படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் சிலேட்டில் எழுதுவேன். பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். கெட்டது அதுதான். கடைசி நேரத்தில் செய்தாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை மனசு அந்த வயதிலேயே படித்து வைத்துக்கொண்டது.

கல்யாணமாகி அப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்துக்கு வந்தேன். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். வந்த இரண்டாம் வருசம் ஆவணியில், எங்கள் வீட்டுக்காரர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவி இடது காலில் எலும்பு தெரிய இறங்கிவிட்டது. மாட்டுவண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தார். கால் பிழைத்திருந்தது, ஆனால் ஊன்ற முடியவில்லை. தைப்பொங்கல்வரை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு காம்பராவிலிருந்து இரண்டு பேர் வேலைக்குப் போகவேண்டும். ஒரு பேர் குறைந்தால் காம்பராவை விடவேண்டியதுதான். இந்தியக் கரையிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்கு இடம் வேண்டும். நடக்கமுடியாத மனுசனைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்? வீட்டுக்காரருக்காக அவருடைய கூட்டாளிகள் போய்க் கங்காணியிடம் பேசினார்கள். நான் போகவில்லை. எனக்கு ஆண்கள் முன்னால் வாய் வராது.

கங்காணி ஒரு வழி செய்தார். தேயிலைக் காட்டை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். அதில் ஒரு சின்ன மலையைக் களை எடுக்கும் கொந்தராத்தாக, ஒப்பந்த வேலையாக, எங்கள் வீட்டுக்காரர் பேரில் எழுதினார். பகலில் நான் கொழுந்து பறித்துவிட்டு, அந்தியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போய் அந்தக் களையை எடுக்கவேண்டும். மாசம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். மலை சுத்தமாக இருக்கும்வரை வேலைக் கணக்கில் அவர் பேர் இருக்கும். களை நின்றால் அன்றைக்கே பேரை வெட்டிவிடுவார்கள்.

அந்த மலையில் இருந்தது புளியாரை. மூன்று இலையும் இளஞ்சிவப்புப் பூவுமாகப் பார்க்க அழகாக இருக்கும். மண்ணுக்கு அடியில் மிளகு மிளகாகக் கிழங்கு வைத்திருக்கும். ஒவ்வொன்றாகக் குத்திக் கிளப்பி, உதிராமல் சாக்கில் போட்டு, குழியில் புதைக்கவேண்டும். சுரண்டியால் மேலோடு செதுக்கினால் இலை போய்விடும், கிழங்கு உடைந்து பத்தாகச் சிதறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கில்லை.

முதல் மாசம் ஐப்பசி. தீபாவளி வருகிறதே, முடியட்டும் என்றேன். தீபாவளி முடிந்ததும் மழை, விடட்டும் என்றேன். ஒவ்வொரு அந்தியும் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். வழியில் விறகு கண்ணில் படும், பொறுக்குவேன். கீரை படும், ஆய்வேன். மலைக்குப் போய்ச்சேர இருட்டிவிடும். காம்பராவில் எத்தனை நிரை முடிந்தது என்று வீட்டுக்காரர் கேட்பார். வாயில் வந்த எண்ணைச் சொல்வேன். அவர் அதை நம்பித் தூங்குவார். எனக்குத் தூக்கம் வராது. பாயிலிருந்து எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளுவேன்.

கங்காணியின் மாசப் பார்வைக்கு மூன்று நாள் இருக்கும்போது சுரண்டியை எடுத்தேன். மூன்றே அந்தியில் மலை முழுவதும் செதுக்கித் தள்ளினேன். குழி வெட்டப் பொழுதில்லை. சாக்கு சாக்காகக் களையைக் கானில் கொட்டினேன். மழைத்தண்ணீர் ஓடும் அந்தக் கானுக்குக் கீழே இன்னொரு மலை இருந்தது. அதையும் கொந்தராத்துக்குக் கொடுத்திருந்தார்கள். எடுத்திருந்தவள் வயதான ஒருத்தி, புருசனும் பிள்ளையும் இல்லாதவள். பெரியம்மா என்று கூப்பிடுவேன்.

கங்காணி வந்து பார்த்தார். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது மலை. இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றப் பெண்களிடம் சொன்னார். எனக்கு மூஞ்சி எரிந்தது. வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார்கள்.

கார்த்திகை மழை ஒரு வாரம் பெய்தது. எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். என் மலை பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருந்தது. கானுக்குக் கீழே பெரியம்மாவின் மலையும் அதே பச்சை. அவள் முட்டிபோட்டு, மண்ணைக் கையால் தடவித் தடவிக் குத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"ஏ புள்ள, சுத்தமா எடுத்துட்டுத்தான் போறேன். மறுநா வந்தா மொளச்சு நிக்கிது. என் கண்ணு போச்சு போல. நாளைக்கு ஒன்னயக் கொரங்குன்னு நெனச்சிக் கல்லால அடிக்கப் போறேன், ஒதுங்கியே நில்லு."

நானும் சிரித்துவைத்தேன். அவள் சிரித்தபடியே இன்னொன்றும் சொன்னாள். கண் தெரியாதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை, கரைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே தனக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். கங்காணியிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும், அது என் கிழங்கு பெரியம்மா என்று. நாளைக்குச் சொல்லலாம் என்று மேலே ஏறிப்போனேன்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் மண்ணைக் குத்திக் கிளப்ப ஏதாவது வேண்டும் என்றேன். சுரண்டியால் வரவில்லையா என்று கேட்டார். நான் துடைப்பத்தை எடுத்துக் காம்பராவைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டுவதை அவர் பார்த்தார். பிறகு ஒரு பழைய குடைக்கம்பியை உட்கார்ந்தபடியே கல்லில் தீட்டி, மரப்பிடி போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு நிரைக்கணக்குக் கேட்பதை விட்டுவிட்டார். கேட்டிருந்தால் தேவலை.

கம்பி கைக்கு வந்ததும் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறுநாளும் விறகு பொறுக்கினேன். அதற்கு மறுநாள் மலையில் நின்றுகொண்டு முடியை அவிழ்த்து அவிழ்த்து முடிந்தேன். ஒரு நிரைக்கு ஆயிரம் கிழங்கு இருக்கும்போல் தோன்றியது. உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது மனசு, எழுந்தால் எங்கே போகிறாய் என்கிறது.

ஒருநாள் தற்செயலாக நடந்தது இது. கொழுந்தை எடை நிறுத்துவிட்டு மேல்ரோட்டு வழியாக வந்தவள், ரொட்டிப் பொட்டலத்தை நிரையின் உச்சியில் ஒரு கல்லில் வைத்துவிட்டு, முந்தின நாள் கீழே விட்டுவந்த சாக்கை எடுக்க இறங்கினேன். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. நல்ல பசி. ரொட்டி மேலே இருக்கிறது, நான் கீழே இருக்கிறேன். சும்மா ஏறுவதற்குச் சோம்பலாக இருந்தது. ஏறுகிற வழியில் இரண்டு குத்துவோம் என்று குத்தினேன். நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் கிழங்கும் கண்ணில் படவில்லை, எதிரில் இருந்ததுதான் பட்டது. கல் கைக்குத் தட்டுப்பட்டபோது ஒரு நிரை முடிந்திருந்தது.

அன்றிலிருந்து ரொட்டியை வேண்டுமென்றே உச்சியில் வைத்துவிட்டு இறங்கினேன். நிரை முடியாமல் அதைத் தொடுவதில்லை. இரண்டு தடவை ஏமாற்றியிருக்கிறேன், பாதியிலேயே ஓடிப்போய்த் தின்றேன். தின்றபிறகு குனியவே முடியவில்லை. மூன்றாம் தடவை ஓடவில்லை. ரொட்டியை மூன்றாகப் பிய்த்து, மூன்று நிரையின் உச்சியிலும் ஒவ்வொரு துண்டாக வைக்கப் பழகினேன். விறகைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வேன். அட்டை ஏறினால் ஏறட்டும் என்று விடுவேன், தட்ட எழுந்தால் அப்படியே எங்கேயாவது போய்விடுவேன் என்று என்மேல் எனக்குப் பயம்.

கிழங்கை எடுக்க ரொட்டி உதவியது. பெரியம்மாவிடம் சொல்ல எது உதவும்? தினம் கானுக்கு அந்தப் பக்கம் அவள் தடவிக்கொண்டிருப்பாள். தினம் நான் கான்கரைவரை இறங்குவேன். ஏதோ கேட்க வந்தவள்போல நின்றுவிட்டு ஏறிவிடுவேன். ஒருநாள் கண்ணில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தாள். இன்னொரு நாள், தன் கையை மூஞ்சிக்கு நேரே நீட்டி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டும் நான் ஏறித்தான் போனேன்.

அடுத்த மாசப் பார்வைக்கு முந்தின அந்தி எனக்கு எட்டு நிரை பாக்கி. குத்தினால் இரண்டுதான் ஆகும், சுரண்டினால் எட்டும் முடியும். காலையில் கங்காணி வந்து கண்ணாடி என்பார், காம்பரா தப்பிக்கும். சுரண்டியையும் கொண்டுபோயிருந்தேன். எதற்குக் கொண்டுபோனேன் என்பதை மறைத்துப் பயனில்லை. பாதி நிரை சுரண்டினேன். இலை பறக்க, செதுக்கின கிழங்கு வெள்ளை வெள்ளையாக உருண்டு கான்பக்கம் ஓடியது. கீழே பெரியம்மா தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டு தடவுவது கேட்டது. சுரண்டியைப் போட்டுவிட்டு, உருண்டதையெல்லாம் இருட்டும்வரை பொறுக்கினேன். எட்டு நிரையும் முடியாமலே நின்றது.

காலையில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வந்தார்கள். பெரியம்மாவும் தன் முறைக்காகக் கானோரம் நின்றாள். கங்காணி கம்பை நீட்டினார்.

"மேல எல்லாம் சுத்தமா இருக்கு. இந்த எட்டு நெரைய மட்டும் என்னத்துக்குப் புள்ள விட்டு வச்சிருக்க, சாமிக்கு நேந்துக்கிட்டியா?"

நேரம் பத்தவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை தயாராக இருந்தது, எத்தனையோ வருசமாகச் சொல்லிப் பழகினது. கானோரத்தில் பெரியம்மா இமையை இடுக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு நாளை கிடையாது என்று தெரிந்தது.

"போன மாசம் கெளப்பலங்கய்யா. சொரண்டுனேன். களையக் கானுல கொட்டுனேன். பெரியம்மா மலையில மொளச்சதெல்லாம் என்னுது."

முதலில் பேசியது பெரியம்மாதான். அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையாடி?"

"இல்ல பெரியம்மா."

அவள் கானோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகுதான் திட்டினாள். என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். கங்காணியே போதும் என்று கையைக் காட்டவேண்டியதாயிற்று.

அவர் என் மலையில் குத்தி முடித்த நிரை ஒன்றைக் கம்பால் கிளறினார், இன்னொன்றையும் கிளறினார். கிழங்கு வரவில்லை. பதினைந்து நாள் தந்தார். என் எட்டு நிரையையும் கீழ்மலை முழுவதையும் நானே கிளப்பவேண்டும். அந்தப் பதினைந்து நாளும் வீட்டுக்காரர் பேர் இருக்கும். பதினாறாம் நாள் எந்த மலையில் ஒரு இலை தெரிந்தாலும் பேரும் இல்லை, காம்பராவும் இல்லை.

காம்பராவுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். குடைக்கம்பி கேட்ட அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீயே சொல்வாய் என்று பார்த்தேன், சொல்லவே மாட்டாயோ என்று பயமாகவும் இருந்தது என்றார்.

அந்தப் பதினைந்து நாளில் பெரும்பாலும் பெரியம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தினம் வந்தாள். ஒரு கல்லில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நான் குனிந்து குத்துவேன். இரண்டு நிரை தள்ளியிருந்து விரலை நீட்டுவாள்.

"அந்தா ஒண்ணு. வேருக்கு அந்தாண்ட. தெரியல? எனக்குத் தெரியுது."

அவள் காட்டுகிற இடத்தில் கடுகளவு இலை இருக்கும். இளவயதுக்காரி எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொல்லுவாள், பக்கத்து மலையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று. ரொட்டித் துண்டை நான் உச்சிக் கல்லில் வைத்துவிட்டு இறங்குவதையும் பார்த்துவிட்டாள். யாருக்குடி படையல் என்று ஒருநாள் கேட்டாள். சொன்னேன். நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரி உன்னையே பழக்குகிறாயா என்று சிரித்தாள். அவள் மறுபடி என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பதினாறாம் நாள் இரண்டு மலையிலும் இலை இல்லை. தைப்பொங்கல் கழிந்து வீட்டுக்காரர் கம்பை ஊன்றி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றார். அவர் பேரைக் கூப்பிட்டார்கள். காம்பரா எங்களிடமே இருந்தது. என் பிள்ளைகள் அதில்தான் பிறந்தார்கள்.

பெரியம்மா கடைசிவரை என்னை முழுசாக நம்பவில்லை. என் மலைப்பக்கம் வந்தால் பேசிக்கொண்டே கால்விரலால் மண்ணைக் கிண்டிப் பார்ப்பாள். பார்க்கட்டும் என்று நானும் நிற்பேன்.

இப்போது எனக்கே கண் மங்கிவிட்டது. முற்றத்து ஓரத்தில் நாலு கத்தரிச்செடி வைத்திருக்கிறேன். நேற்றுச் சுத்தம் செய்த இடத்தில் இன்றைக்குப் பச்சையாக ஏதோ தெரிகிறது. கண்தான் தடுமாறுகிறதா, இல்லை நேற்று, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு வந்தேனா என்று நிச்சயமாகத் தெரிவதில்லை. அதனால் குனிந்து, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன்.