சம்பந்திக்கு ஏறிய சோடியம்

வார்டு வேலையில் நோயாளியைத் தூக்குவது பாதி, கூட வந்தவர்களைத் தடுப்பது மீதி. துணைக்கு உட்கார்ந்து இடுப்பொடிந்த உங்களுக்கு இது தெரியாததல்ல. திருப்பதியில் நான் வேலை பார்க்கும் வார்டுக்கே என் சம்பந்தி வந்து படுத்தார். பலமனேரில் தக்காளி பயிர் போடுகிறவர். என் மகன் கல்யாணத்தில், முதல் பந்தியில் உட்கார்ந்த என்னை எழுப்பி, தன் தக்காளியை வாங்கும் மண்டிக்காரருக்கு இடம் கொடுத்த மனிதர். நான் அதை மறக்கவில்லை.

உப்பில்லாத கஞ்சி

வெயில் காலத்துக் காய்ச்சல். சிறுநீருக்கு எழுந்து போகச் சோம்பி, தண்ணீரே குடிக்காமல் கிடந்திருக்கிறார். பெற்ற மகளையே, "யாரும்மா நீ?" என்று கேட்டார். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு ஏறிவிட்டது என்றார் டாக்டர். உடனே என் மருமகள் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள்.

சோற்று உப்பால் வந்ததல்ல, உடம்பில் தண்ணீர் வற்றியதால் வந்தது என்று டாக்டர் விளக்கினார். மூக்கில் குழாய் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார்கள். ஏறிய உப்பை வேகமாக இறக்கினால் மூளை வீங்கிவிடுமாம். எல்லாம் கேட்டுவிட்டு மருமகள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ இந்தக் கஞ்சிய யாரு துன்றது மாமா?"

தீர்த்தம்

மறுநாள் சம்பந்தியம்மா கோயில் தீர்த்தச் செம்போடு வந்து, அரைமயக்கத்தில் கிடந்தவர் வாயில் ஊற்றப் போனார். புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். செம்பைப் பிடுங்கிவிட்டேன்.

"பெருமாள் தீர்த்தத்தையே தடுக்கிறியே அண்ணா, அந்தப் பந்திக் கோவமா?" என்று அழுதார்.

கோபம் உண்டுதான். ஆனால் இது அதற்காக இல்லை என்றால் யார் நம்புவார்கள்? நர்ஸம்மாதான் டாக்டரைக் கேட்டு வந்து, தீர்த்தத்தில் கொஞ்சம் எடுத்துக் குழாய் வழியாக விட்டார். "அடுத்த வேளை தண்ணியில இத கழிச்சுக்கிறேன். பெருமாளே குடுத்தாலும் இங்க அளவு அளவுதான்மா."

முதல் பேச்சு

சோடியம் மெல்ல இறங்கியது. ஆள் மட்டும் தெளியவில்லை. மருமகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நான் யாரு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்படியே இருந்துவிடுவாரோ என்று எனக்கும் பயம்தான்.

ஒரு காலை நான் படுக்கை விரிப்பை மாற்றும்போது கண் திறந்து மகளைப் பார்த்தார். அவள் பெயரைச் சொல்லி, "இன்னாத்துக்கு அழுதுக்கினு கீறே?" என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஸ்பூனில் நான்தான் கொடுத்தேன். நல்லபடியாக விழுங்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணியக்கூட ஸ்பூன்லதான் குடுப்பீங்களா சம்பந்தி? உங்க கஞ்சத்தனம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துடுச்சே!"

அவர் பிழைத்து எழுந்ததில் எனக்கு முழுச் சந்தோஷம், பேச்சு மட்டும் ஒரு வாரம் கழித்து வந்திருக்கலாம்.